சொல்லாவிட்டால் சர்க்கரை

எழுத்துகள் எண்களான கதை – 11

போன வாரம் நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் கதையை நிறுத்தியிருந்தோம். 1992 செப்டம்பர். கென் தாம்சனும் ராப் பைக்கும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில், உலகத்து எழுத்துகளையெல்லாம் பைட்டுகளில் அடைக்கும் வழியைத் தாம்சன் கிறுக்கிக் காட்டுகிறார். யூ.டி.எஃப்-8 பிறந்துவிட்டது.

ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். ரஷ்ய எழுத்துக்கு இரண்டு. தமிழ் எழுத்துக்கு மூன்று. பழைய ஆஸ்கி கோப்புகளில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

மருந்து கையில் வந்தாயிற்று. நோய் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால், அதற்குப் பிறகு பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்தும் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தவர்கள் கண்ட காட்சி வேறு. தலையில் சாய்கோடு ஏந்திய ஆங்கில ‘ஏ’. அடுத்து, வட்டத்துக்குள் ஒரு ‘ஆர்’. மறுபடி சாய்கோட்டு ‘ஏ’. பக்கம் முழுக்க இதே ஊர்வலம்.

யூ.டி.எஃப்-8 உட்கார வேண்டிய நாற்காலியில் வேறொருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்பப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அந்த நாற்காலியின் பெயர் ‘டீஃபால்ட்’.

★

டீக்கடைச் சட்டம்

நம் ஊர் டீக்கடையில் ‘ஒரு டீ’ என்றால் சர்க்கரை போட்டுத்தான் வரும். வேண்டாதவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சர்க்கரை. கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரை போட்டுக் குடிப்பவர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் கிடையாது.

கவனியுங்கள்: இந்த ஏற்பாட்டில் சர்க்கரை குடிப்பவருக்கு எந்த வேலையும் இல்லை. பேச வேண்டிய பாரம் முழுக்க மற்றவர் தலையில்.

இணையத்திலும் அதே கதை. சர்வரிலிருந்து பிரவுசருக்கு வருவது வெறும் எண்கள். 224, 174, 164 என்று மூன்று எண்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். யூ.டி.எஃப்-8 அட்டவணையில் மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து: ‘த’. லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் அவை மூன்று தனித்தனி உருவங்கள்: சாய்கோட்டு ‘ஏ’, வட்டத்து ‘ஆர்’, நான்கு பக்கமும் முள் நீட்டிய ஒரு சின்ன வட்டம்.

தமிழில் எந்த எழுத்தை எடுத்தாலும் யூ.டி.எஃப்-8-இல் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. ஊர்வலத்தில் ஏன் ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப வந்தன என்பது இப்போது புரிந்திருக்கும்.

எந்த அட்டவணைப்படி படிக்க வேண்டும் என்று சர்வர் சொல்லியனுப்பலாம். அதற்கு இடம் இருக்கிறது.

சொல்லாமல் விட்டால்?

★

ஜெனீவாவின் பழக்கம்

சொல்லியனுப்பும் இடத்தை முதலில் அமைத்தது மின்னஞ்சல். 1992 ஜூனில் நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் ‘மைம்’ என்ற விதிமுறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் இரண்டு விவரம் எழுதலாம் என்றது அது. ஒன்று, உள்ளே இருக்கும் பொருளின் வகை: எழுத்தா, படமா, ஒலியா. இரண்டு, எழுத்தாக இருந்தால் எந்த எழுத்து அட்டவணை. இரண்டாவதற்குத்தான் ‘சார்செட்’ என்று பெயர். சார்செட்டை எழுதாவிட்டால்? ஆஸ்கி என்று கொள்க. அமெரிக்காவில் பிறந்த மின்னஞ்சலுக்கு அமெரிக்க டீஃபால்ட்.

வெப் பிறந்தது வேறு வீட்டில். சுவிட்சர்லாந்தில் ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடம். வெப் பக்கங்களைக் கொண்டுவரும் விதிமுறைக்கு ஹெச்.டி.டி.பி. என்று பெயர். 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீயின் முதல் ஹெச்.டி.டி.பி.யில் தலைப்பு என்ற ஒன்றே கிடையாது. பக்கத்தைக் கேட்டால் பக்கம் வரும், கதவு சாத்தப்படும். வகையும் இல்லை, சார்செட்டும் இல்லை.

அங்கே புழங்கிய எழுத்துகள் பிரெஞ்சும் ஜெர்மனும் இத்தாலியமும். அவற்றுக்காக 1987-இல் வந்த தர அட்டவணைதான் ஐ.எஸ்.ஓ. 8859-1, செல்லப் பெயர் லத்தீன்-1. மொத்தம் 256 கட்டங்கள். கண்ணுக்குத் தெரியும் உருவங்கள் 191. மேற்கு ஐரோப்பாவுக்குப் போதும் என்று நினைத்துச் செய்தது.

அதிலும் ஓர் ஓட்டை. பிரெஞ்சில் ‘ஓ’வும் ‘ஈ’யும் ஒட்டிப் பிறந்த ஓர் எழுத்து உண்டு. இதயம், முட்டை, சகோதரி ஆகிய மூன்று சொற்களையும் அது இல்லாமல் ஒழுங்காக எழுத முடியாது. லத்தீன்-1-இல் அந்த எழுத்து இல்லை. பிரெஞ்சு பேசும் ஜெனீவாவில் சர்க்கரை என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட பண்டம், பிரெஞ்சுக்கே முழுத் தித்திப்பு தரவில்லை.

இருந்தும் பழக்கம் பழக்கம்தான்.

★

ஒரு வாக்கியம்

1996 மே. இணைய விதிமுறைகளைத் தாங்கும் ஆவண வரிசையில் ஆர்.எஃப்.சி. 1945 வெளியாகிறது. ஹெச்.டி.டி.பி. 1.0-இன் விவரக் குறிப்பு. எழுதியவர்கள் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், ஹென்ரிக் ஃபிரிஸ்டிக். புதிய சட்டம் போடுவது அவர்கள் நோக்கமில்லை. ஊரில் ஏற்கெனவே எப்படி நடக்கிறது என்று பதிவு செய்கிறோம் என்றே சொன்னார்கள்.

அதற்குள் ஒரு வாக்கியம். அதன் சாரம் இது: ‘டெக்ஸ்ட்’ வகையைச் சேர்ந்த எதுவும் சார்செட் குறிப்பு இல்லாமல் வந்தால், அது ஐ.எஸ்.ஓ. 8859-1.

படித்துவிட்டு எளிதில் தாண்டிப் போகக்கூடிய வாக்கியம். அன்று யாரும் கொடி பிடிக்கவில்லை. ஆனால், ‘எங்கள் வீட்டில் இப்படி’ என்பது ‘உலகத்தில் இப்படி’ என்று மாறியது அந்த இடத்தில்தான்.

அதே ஆவணத்தில், அதே பகுதியில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. பல சர்வர்கள் வேறு அட்டவணைகளில் எழுதிய பக்கங்களை எந்தக் குறிப்பும் இல்லாமல் அனுப்புகின்றன. அதைச் சமாளிக்கச் சில பிரவுசர்கள் பயனரையே அட்டவணையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன என்கிறது அது. விதி பிறக்கும்போதே விதிமீறலும் கூடவே பதிவாகிவிட்டது. ஜப்பானியர் மூன்று விதமான அட்டவணைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ரஷ்யர்களுக்கு கே.ஓ.ஐ.8 ஒன்று, விண்டோஸ் 1251 ஒன்று. யாரும் ஜெனீவாவிடம் கேட்கவில்லை.

‘சொல்லிவிட்டால் போயிற்று, அதில் என்ன கஷ்டம்?’ என்று தோன்றும். கஷ்டம் இருந்தது. சார்செட் குறிப்பைக் கண்டதும் குழம்பிப்போகும் பழைய பிரவுசர்கள் அன்று உலவின. ‘சர்க்கரை இல்லாமல்’ என்று வாய்விட்டுச் சொன்னால் டீயே வராத கடைகள். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. பெரும்பாலோர் பேசாமல் இருந்தார்கள்.

★

ஒரே மாதம், இரண்டு குரல்

1997 ஜனவரி. அந்த ஒரு மாதத்தில் இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. ஆர்.எஃப்.சி. 2068: ஹெச்.டி.டி.பி. 1.1. அது பழைய வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டது: டீஃபால்ட் லத்தீன்-1. இரண்டு எண் தள்ளி ஆர்.எஃப்.சி. 2070. வெப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்.டி.எம்.எல்.லை உலக மொழிகளுக்குத் திறந்துவிடும் ஆவணம். பிரான்சுவா யெர்ஜோ, மார்ட்டின் டூர்ஸ்ட் முதலிய நால்வர் எழுதியது. ஹெச்.டி.எம்.எல்.லின் எழுத்துலகம் இனி யூனிகோடு, அதாவது யூ.டி.எஃப்-8 பைட்டுகளில் அடைக்கும் அந்த உலக எழுத்துப் பட்டியல், என்று அது அறிவித்தது.

வண்டி ஓட்டுபவர் ஒரு திசை, வண்டியில் இருக்கும் சரக்கு இன்னொரு திசை.

அந்த ஆண்டு டிசம்பரில் ஹெச்.டி.எம்.எல். 4.0 வந்தது. அது நேராகவே பேசியது. ஹெச்.டி.டி.பி. சொல்லும் அந்த டீஃபால்ட் நடைமுறையில் பயனற்றுப் போய்விட்டது. குறிப்பு இல்லாத பக்கத்துக்கு எந்த அட்டவணையையும் பிரவுசர் தானாகக் கற்பித்துக்கொள்ளக் கூடாது என்றது.

பதிலுக்கு ஒரு வழியும் காட்டியது. சர்வர் பேசாவிட்டால் பக்கமே பேசட்டும். பக்கத்தின் தொடக்கத்தில் ‘மெட்டா’ என்ற வரியில் அட்டவணையின் பெயரை எழுதலாம். கடிதம் எந்த மொழி என்பதைக் கடிதத்துக்குள்ளேயே எழுதுவது வேடிக்கைதான். ஆனாலும் வேலை செய்தது. பெரும்பாலான அட்டவணைகளில் முதல் 128 கட்டங்களும் ஆஸ்கிதான் என்பதால், அந்த ஒரு வரியை மட்டும் எப்படியோ படித்துவிடலாம்.

சர்வர் ஒன்று சொல்லி, பக்கம் வேறொன்று சொன்னால் யார் பேச்சு எடுபடும்? சர்வர் பேச்சு. இந்த முன்னுரிமையை நினைவில் வைத்திருங்கள். இன்னும் சற்று நேரத்தில் அது ஒரு விபத்தில் கொண்டுபோய் விடும்.

★

வேஷம் போட்ட தமிழ்

இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில் தமிழ் என்ன செய்தது?

வேஷம் போட்டது.

அன்றைய கணினிகளில் யூனிகோடு தமிழைத் திரையில் ஒழுங்காக வரையும் வசதி பரவவில்லை. தமிழ் ஃபான்ட் செய்தவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். சொல்லாவிட்டால் லத்தீன்-1 தானே? அப்படியே இருக்கட்டும். 128-க்கு மேலுள்ள கட்டங்களில் பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளுக்குப் பதிலாகத் தமிழ் உருவங்களை வரைந்து வைப்போம். கணினி அதை லத்தீன் என்றே நம்பும். வாசகர் கண்ணுக்குத் தமிழ் தெரியும்.

தமிழை வெளியே நிறுத்திய அதே டீஃபால்ட், தமிழ் உள்ளே நுழையும் ஓட்டையாகவும் ஆனது.

இந்தக் குறுக்குவழிக்கு விலையும் இருந்தது. வாடகை வீட்டில் சில அறைகளைப் பூட்டியே வைத்திருப்பார்கள். லத்தீன்-1-இல் 128 முதல் 159 வரை கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு ஒதுக்கிய இடம். 160 உடையாத இடைவெளி. 173, வரி முடிவில் மட்டும் தலைகாட்டும் இணைப்புக்கோடு. அந்த அறைகளில் ஒரு தமிழ் எழுத்தைக் குடிவைத்தால் அது எப்போது காணாமல் போகும் என்று சொல்ல முடியாது.

மேலும், ஒவ்வொரு ஃபான்ட்டும் தன் இஷ்டத்துக்கு அறைகளைப் பங்கு போட்டது. ஒரு பத்திரிகையின் தளத்துக்கு ஒரு ஃபான்ட், அடுத்ததற்கு வேறொன்று. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் முதல் பத்து நிமிடத்தை ஃபான்ட் இறக்குவதில் கழித்தார்கள். பிறகு ‘வியூ’ மெனு, ‘என்கோடிங்’, ‘யூசர் டிஃபைன்ட்’. அந்த மூன்று கிளிக்குகள் அன்றைய இணையத் தமிழரின் கை ரேகை.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். பல நாட்டுத் தமிழர்கள் இணையம் வழியே கலந்து பேசி உருவாக்கிய ‘டிஸ்கி’ அட்டவணையில் அந்த நூல்கள் வந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடியது. ‘டாம்’, ‘டாப்’ என்ற இரண்டு அட்டவணைகள் பரிந்துரையாயின.

சரி, அட்டவணை கிடைத்தது. சர்வரின் தலைப்பில் ‘இது டிஸ்கி’ என்று எழுதிவிடலாமே? எழுதலாம், ஆனால் யாருக்குப் புரியும்? உலகம் ஒப்புக்கொண்ட சார்செட் பெயர்களுக்கு ‘அயானா’ என்ற அமைப்பின் பதிவேடு உண்டு. டிஸ்கி அதில் ஏறியது 2007-இல். சர்க்கரை வேண்டாம் என்று சொல்லத் தமிழருக்கு வாய் இருந்தது. அந்தக் கடையின் மொழியில் அதற்கொரு சொல் இல்லை. பெயர் கிடைத்த நேரத்தில் குடும்பம் யூனிகோடு வீட்டுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது.

★

மௌனம் ஆபத்தான நாள்

2000 பிப்ரவரி 2. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கிய ‘செர்ட்’ என்ற கணினிப் பாதுகாப்பு மையம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. மற்றவர் தளத்தில் தன் நிரலைப் புகுத்தி ஓடவிடும் ஒரு தாக்குதல் முறை பற்றியது அது.

தற்காப்பு என்ன? பயனர் எழுதி அனுப்புவதில் நிரலின் தொடக்கக் குறியான ‘சிறியது’ அடையாளத்தை வடிகட்டுங்கள். அதோடு நிற்காமல், பக்கத்தின் சார்செட்டைக் கட்டாயம் குறிப்பிடுங்கள் என்றது எச்சரிக்கை. எழுத்து அட்டவணைக்கும் திருடனுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. வேறோர் அட்டவணையில் அதே அடையாளத்துக்கு வேறு எண்கள். வடிகட்டி ஓர் அட்டவணையை நினைத்து வடிகட்டும். பிரவுசர் வேறோர் அட்டவணையை யூகித்துப் படிக்கும். இடையில் இருக்கும் சந்தில் திருடன் நுழைவான்.

அதுவரை மௌனத்தால் எழுத்து மட்டும் சிதைந்தது. இனி பூட்டும் உடையும்.

உலகத்தின் பெரும்பாலான தளங்களைத் தாங்கிய அப்பாச்சி சர்வரில் அதே மாதம் ஒரு புதிய வசதி வந்தது. ஒரு வரி எழுதினால் போதும். சார்செட் இல்லாமல் போகும் டெக்ஸ்ட் பக்கங்கள் அனைத்துக்கும் சர்வரே ஒரு பெயரை ஒட்டி அனுப்பும். பிறகு வந்த அப்பாச்சி 2.0-இன் மாதிரி அமைப்புக் கோப்பில் அந்த வரி ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்தது. என்ன பெயரோடு?

ஐ.எஸ்.ஓ. 8859-1.

முன்னுரிமையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? பக்கத்துக்குள் ‘நான் யூ.டி.எஃப்-8’ என்று ஒழுங்காக எழுதியிருந்தவர்களும் அடிபட்டார்கள். சர்வர் உறைமேல் ‘லத்தீன்-1’ என்று முத்திரை குத்தியது. பிரவுசர் முத்திரையை நம்பியது. தவறே செய்யாத பக்கங்களில் சாய்கோட்டு ‘ஏ’ ஊர்வலம் கிளம்பியது. அந்த வரி பின்னால் மாதிரிக் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

பேசாமல் இருந்தவர்கள் பக்கமும் நிம்மதி இல்லை. 2005-இல் கூகுளின் தளத்திலேயே ஒரு துளை கண்டுபிடிக்கப்பட்டது. ‘நீங்கள் கேட்ட பக்கம் இல்லை’ என்று சொல்லும் பிழைப்பக்கம் அது. பயனர் கேட்ட முகவரியைத் திருப்பிக் காட்டும்; ஆபத்தான குறிகளை வடிகட்டியும் விடும். சார்செட் மட்டும் சொல்லாது. மின்னஞ்சலுக்காகச் செய்த யூ.டி.எஃப்-7 என்ற அட்டவணையில் ‘சிறியது’ அடையாளத்தை ஒரு கூட்டல் குறி, மூன்று எழுத்து, ஒரு கழித்தல் குறி என்று எழுதலாம். வடிகட்டியின் கண்ணுக்கு அது சாதாரண எழுத்து. தானே யூகிக்கும்படி விடப்பட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் கண்ணுக்கு அது யூ.டி.எஃப்-7. நிரல் ஓடியது.

கூகுள் துளையை அடைத்தது. ஆனால், பேசாமல் இருப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் அதோடு போயிற்று.

★

நிரலாளரின் இரண்டு வரி

இதற்குள் பிரச்சினை பிரவுசர்களைத் தாண்டி, பக்கங்களை எடுத்துப் படிக்கும் ஆயிரக்கணக்கான நிரல்களுக்குள் புகுந்துவிட்டது. நிரலாளர் ஒருவர் எங்கோ ஓர் இடத்தில் எழுதியாக வேண்டும்: சார்செட் இல்லையென்றால் இது.

‘இது’ என்ற இடத்தில் என்ன எழுதுவார்? சட்டப் புத்தகத்தைப் புரட்டுவார். புத்தகமோ பொருள்வகைக்கு ஒரு பேச்சுப் பேசியது. ஹெச்.டி.டி.பி. வழி வரும் டெக்ஸ்ட் லத்தீன்-1 என்றது 1999-இன் ஆர்.எஃப்.சி. 2616. 2001-இன் ஆர்.எஃப்.சி. 3023-ஓ ‘டெக்ஸ்ட்/எக்ஸ்.எம்.எல்.’ என்று வந்தால் ஆஸ்கி என்றது. கோப்பின் முதல் வரியிலேயே ‘நான் யூ.டி.எஃப்-8’ என்று எழுதியிருந்தாலும் அதைக் காதில் வாங்கக் கூடாது. அதே கோப்பு ‘அப்ளிகேஷன்/எக்ஸ்.எம்.எல்.’ என்ற பெயரில் வந்தால் அந்த முதல் வரியை நம்பலாம். பண்டம் ஒன்று, பை மாறினால் பெயர் மாறும்.

சட்டத்தை மதித்தவர்களில் ஒருவர்தான் பைத்தானின் ‘ரிக்வெஸ்ட்ஸ்’. 2011-இல் வந்து உலகெங்கும் பரவிய நூலகம். சார்செட் இல்லாத டெக்ஸ்ட் வந்தால் அதன் நிரல் 2616 சொன்னபடி லத்தீன்-1 என்று முடிவு செய்தது. குறிப்பு அனுப்பாத ஒரு சர்வரிலிருந்து ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். யூனிகோடில் ஐந்து குறிகள், யூ.டி.எஃப்-8-இல் பதினைந்து பைட்டுகள். லத்தீன்-1 அந்தப் பதினைந்தையும் பதினைந்து தனி எழுத்துகளாகக் கொட்டும்.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. பைட்டுகள் சாகவில்லை. லத்தீன்-1-இல் திருப்பிப் போட்டு, யூ.டி.எஃப்-8-இல் மறுபடி படித்தால் ‘தமிழ்’ உயிரோடு எழுந்து வரும்.

ஜாவா உலகில் அந்த ஆறுதலும் இல்லை. அங்கே ‘சர்வ்லெட்’ என்ற அமைப்பு பக்கங்களை எழுதி அனுப்புகிறது. நிரலாளர் சார்செட் சொல்லாவிட்டால் அதன் டீஃபால்ட்டும் லத்தீன்-1. ஆனால், இங்கே நடப்பது படிப்பது அன்று, எழுதுவது. ‘த’வுக்கு லத்தீன்-1-இல் கட்டமே இல்லை. இல்லாத எழுத்துக்கு ஜாவா ஒரு கேள்விக்குறியை வைக்கும். ‘தமிழ்’ என்பது ஐந்து கேள்விக்குறிகள். எந்த ஐந்து எழுத்துகள் என்ற தடயம்கூட மிஞ்சாது.

தவறாகப் படித்ததைத் திருத்தலாம். தவறாக எழுதியது போனது போனதுதான். டீஃபால்ட் என்ற ஒரு சொல்லுக்குள் இந்த இரண்டும் ஒளிந்திருந்தன.

★

ஒரே டீ மட்டும் விற்கும் கடை

2006 ஜூலையில் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் ஜேசானுக்கான ஆர்.எஃப்.சி. 4627-ஐ எழுதினார். தகவலை அனுப்பும் எளிய வடிவம் ஜேசான். எழுத்து யூனிகோடாகத்தான் இருக்க வேண்டும், டீஃபால்ட் யூ.டி.எஃப்-8 என்றார். அதன் வகைப்பெயரோடு சார்செட் என்ற குறிப்பையே வைக்கவில்லை. யூனிகோடின் எந்த வடிவம் என்று ஐயம் வந்தால், முதல் நான்கு பைட்டுகளில் சுழியம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

2017 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 8259 அந்த ஐயத்தையும் எடுத்துவிட்டது. வெளியுலகத்துக்கு அனுப்பும் ஜேசான் யூ.டி.எஃப்-8-இல் மட்டுமே இருக்க வேண்டும். சர்க்கரை உண்டா இல்லையா என்ற கேள்வியே எழாத கடை. ஒரே டீ.

இருபது ஆண்டுக் குழப்பம் கற்றுத் தந்த பாடம் இதுதான். டீஃபால்ட் என்பது பேசாதவரின் சார்பில் நாம் பேசும் பேச்சு. அதைச் சரியாகப் பேச நிச்சயமான வழி, பேச வேண்டிய தேவையையே நீக்குவது. புதிதாகப் பிறந்த வகைகள் பலவும் இதே வழியில் போயின. ‘வெப்சாக்கெட்’டில் எழுத்து என்றால் யூ.டி.எஃப்-8. வீடியோவின் வசன வரிகளைத் தாங்கும் ‘வெப்விடிடி’யிலும் அதுவே.

பிறந்தவர்கள் சரி. ஏற்கெனவே நாற்காலியில் இருப்பவரை என்ன செய்வது?

★

நாற்காலி காலியானது

2012 ஜூலை. அலெக்ஸி மெல்னிகோவும் ஜூலியன் ரெஷ்கேயும் எழுதிய ஆர்.எஃப்.சி. 6657 வெளியானது. டெக்ஸ்ட் குடும்பத்துக்கே ஒரு பொது டீஃபால்ட் என்ற எண்ணம் இனி வேண்டாம். ஒவ்வொரு வகையும் தன் விதியைத் தானே சொல்லட்டும் என்றது. புதிய வகைக்கு டீஃபால்ட் அவசியம் வேண்டும் என்றால் யூ.டி.எஃப்-8-ஐ வையுங்கள் என்று அழுத்திச் சொன்னது. வெறும் எழுத்தான ‘டெக்ஸ்ட்/பிளெய்ன்’ மட்டும் பழைய ஆஸ்கியிலேயே விடப்பட்டது.

2014 ஜூன். ஹெச்.டி.டி.பி. 1.1 திருத்தி எழுதப்பட்டு ஆர்.எஃப்.சி. 7231 வெளிவந்தது. முந்தைய ஆவணத்திலிருந்து என்ன மாறியது என்ற பட்டியலில் ஒரு சிறு குறிப்பு: டெக்ஸ்ட் வகைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8859-1 டீஃபால்ட் நீக்கப்பட்டது.

1996-இன் அந்த வாக்கியம் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஆர்.எஃப்.சி. 7303 வந்து எக்ஸ்.எம்.எல்.லின் இரட்டைப் பேச்சையும் முடித்துவைத்தது.

காகிதத்தில் அழிந்தது நிரலில் உடனே அழிந்துவிடாது. ரிக்வெஸ்ட்ஸின் அந்த வரி அதன் பிறகும் நீடித்தது. அதை நம்பி எழுதிய நிரல்கள் எத்தனையோ, தொட்டால் எது சரியும் என்று யாருக்குத் தெரியும்? சர்வ்லெட்டுக்கு 2017-இல், முழுத் தளத்துக்கும் ஒரே வரியில் யூ.டி.எஃப்-8 என்று சொல்லும் வழி கிடைத்தது. ஜாவா மொழியே தன் பொது டீஃபால்ட்டை யூ.டி.எஃப்-8 என்று மாற்றியது 2022 மார்ச்சில், 18-ஆம் பதிப்பில். உணவு விடுதியின் காகிதத்துக்கு அப்போது வயது முப்பதை நெருங்கியிருந்தது.

★

காலி நாற்காலியில் யார்?

ஒன்றைக் கவனித்தீர்களா? 2014-இல் லத்தீன்-1 எழுப்பப்பட்டது. அந்த இடத்தில் யூ.டி.எஃப்-8 உட்காரவில்லை.

இன்றைய இணையதளங்களில் நூற்றுக்கு 98-க்கு மேல் யூ.டி.எஃப்-8. இருந்தும், குறிப்பு இல்லாத பக்கம் வந்தால் பயனரின் மொழியைப் பார்த்து எந்த அட்டவணையை யூகிக்கலாம் என்று ஹெச்.டி.எம்.எல். தரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. ரஷ்யருக்கு விண்டோஸ் 1251. ஜப்பானியருக்கு ஷிஃப்ட் ஜிஸ். அரபியருக்கு விண்டோஸ் 1256. தமிழ் அதில் இல்லை. ‘மற்ற அனைவரும்’ என்ற கடைசி வரியில் நாம் வருகிறோம். அந்த வரிக்கு எதிரே விண்டோஸ் 1252. லத்தீன்-1-இன் வாரிசு. சட்டை மாற்றிக்கொண்ட அதே மேற்கு ஐரோப்பா.

காரணம் பழைய பக்கங்கள். எந்தக் குறிப்பும் இல்லாமல், எழுதியவர் மறந்துபோய், இன்னும் ஏதோ ஒரு சர்வரில் கிடக்கும் பக்கங்கள். பேசாதவை எல்லாம் யூ.டி.எஃப்-8 என்று இன்று அறிவித்தால் அவை சிதையும்.

2020 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸ் 73-இல் ஒரு யூகிக்கும் இயந்திரம் சேர்ந்தது. ஹென்றி சிவோனன் எழுதியது. குறிப்பில்லாத பக்கத்தைப் பார்த்துப் பழைய அட்டவணைகளில் எது என்று கணிக்கும். இணையத்திலிருந்து வரும் பக்கம் யூ.டி.எஃப்-8 என்று மட்டும் அது கணிக்காது. வேண்டுமென்றே அப்படி. கணித்துக் கொடுத்தால் புதிதாக எழுதுபவர்கள் குறிப்பு எழுதும் பழக்கத்தையே விட்டுவிடுவார்களாம்.

பழைய பக்கத்துக்கு இரக்கம். புதிய பக்கத்துக்குக் கண்டிப்பு.

சரி, இரக்கம் காட்டும் அந்த இயந்திரத்தின் முன்னால் 1998-இன் ஒரு தமிழ்ப் பக்கத்தை வையுங்கள். வேஷம் போட்ட பக்கம். சார்செட் இல்லை. பைட்டுகள் எல்லாம் லத்தீன் கட்டங்களில். பிரெஞ்சு என்றும் சொல்ல முடியாத, ஜெர்மன் என்றும் சொல்ல முடியாத எழுத்து வரிசை. ஃபான்ட் செய்தவர் என்றோ கடையை மூடிவிட்டார்.

பேசாத ஒரு பக்கத்தின் மொழியை, எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணியே சொல்லிவிடலாம் என்று 2001-இல் நெட்ஸ்கேப் பொறியாளர்கள் இருவர் நம்பினார்கள். எண்ணியும் காட்டினார்கள்.

அவர்கள் எண்ணிக்கைக்கு அகப்பட்டதா, வேஷத்துக்குள் இருந்த தமிழ்?

(தொடரும்)